புதுப் போனில் எதைப் போடுவது, கூட எதை வாங்குவது?

கேள்வி இதுதான்: "புதிதாக ஒரு ஆண்ட்ராய்டு போனும் ஒரு டேப்லெட்டும் வாங்கியிருக்கிறேன். போன் எனக்கு. டேப்லெட்டை அப்பாவும், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகளும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவார்கள். என்னென்ன செயலிகள் போடலாம்? கவர், சார்ஜர், பவர்பேங்க், பேனா இவற்றில் எது உண்மையிலேயே தேவைப்படும்?"

சுற்றியுள்ளவர்களின் போன்களைப் பல வருடங்களாகச் சரிசெய்து கொடுத்து வருகிறேன். நல்ல செயலி ஒன்று இல்லையே என்ற குறையோடு யாரும் என்னிடம் வந்ததாக நினைவில்லை. போன் செத்துவிட்டது, உள்ளே இருந்த படமெல்லாம் போச்சு என்று வந்தவர்கள்தான் அதிகம். அதனால் போனே இல்லாமல் போனாலும் உங்களுடையது எதுவும் போகாமல் பார்த்துக்கொள்ளும் செயலிகளை முதலில் சொல்கிறேன். பிறகு கேபிளும் சார்ஜரும். அப்பா, மகள் விஷயம் அதற்கப்புறம். மற்றவை கடைசியில், சுருக்கமாக.

தோழி ஒருவரின் போன் தண்ணீர் வாளிக்குள் விழுந்தது. எடுத்துத் துடைத்து இரண்டு நாள் உலர வைத்தும் உயிர் வரவில்லை. "மெமரி சிப்பை மட்டும் கழற்றி வேறு போனில் மாட்டிப் படங்களை எடுக்க முடியாதா?" என்று கேட்டார். முடியாது. இன்றைய போன்களில் உள்ளே சேமிக்கப்படும் எல்லாமே பூட்டிய நிலையில்தான் இருக்கும்; அதைத் திறக்கும் சாவி அதே போனின் பிராசஸரோடு பிணைந்தது. போர்டுக்கு உயிர் வந்தால்தான் படங்களுக்கும் உயிர். நல்லவேளையாக அவருடைய படங்கள் கூகுள் போட்டோஸில் ஏறியிருந்தன. அப்பாடா என்று பெருமூச்சு விட்டவர், அடுத்த நிமிடம் அலுவலக மின்னஞ்சலைத் திறக்கப் போனார். அது ஆறு இலக்கக் குறியீடு கேட்டது. அந்தக் குறியீட்டைத் தரும் செயலி செத்த போனுக்குள் இருந்தது. அந்தக் கணக்கை மீட்க அவருக்கு இரண்டு வாரம் ஆனது.

ஆகவே முதல் செயலி இதுதான்: ஆறு இலக்கக் குறியீடு தரும் செயலி, அதுவும் வெளியே எடுத்து வைத்துக்கொள்ளக்கூடியதாக. ஆண்ட்ராய்டுக்கு ஏஜிஸ் நல்லது. குறியீடுகள் அனைத்தையும் ஒரே கோப்பாக, கடவுச்சொல் போட்டுப் பூட்டி வெளியே எடுத்துத் தரும். போன், டேப்லெட், கணினி மூன்றிலும் தானாகவே ஒத்திசைய வேண்டும் என்றால் என்டெ ஆத். ('என்டெ' என்றால் மலையாளத்தில் 'என்னுடைய'. பெயர் எனக்கு மிகவும் பிடித்துப்போனது.) கூகுள் ஆத்தென்டிகேட்டரை ஏற்கெனவே பயன்படுத்துகிறீர்கள் என்றால் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றில்லை, 2023 முதல் அதிலும் கணக்கோடு ஒத்திசைக்கும் வசதி இருக்கிறது. அது இயங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். எந்தச் செயலியை எடுத்தாலும், கடவுச்சொல்லோடு இந்தக் குறியீட்டையும் கேட்கும் இரட்டைப் பூட்டை இயக்கும்போது பெரும்பாலான தளங்கள் சில மீட்புக் குறியீடுகளைக் காட்டும். எல்லோரும் அதைப் பார்க்காமலே 'அடுத்து' என்று தட்டிவிடுகிறோம். அதை ஒரு தாளில் எழுதி, முக்கியமான பத்திரங்களோடு வையுங்கள். தோழியிடம் அந்தத் தாள் இருந்திருந்தால் இரண்டு வாரம் இரண்டு நிமிடமாகியிருக்கும்.

இரண்டாவது, கடவுச்சொல் காப்பகம். பிட்வார்டன் போதும். இலவசக் கணக்கிலேயே எத்தனை கடவுச்சொல்லை வேண்டுமானாலும், எத்தனை கருவியில் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். அதன் மூல நிரலும் எல்லோரும் பார்க்கத் திறந்திருக்கிறது. ஒரே கடவுச்சொல்லைப் பத்து இடத்தில் போட்டிருப்பதால் வரும் ஆபத்து இதனால் ஒழியும். தலைமைக் கடவுச்சொல்லை மறந்தால் அவர்களாலும் திறந்து தர முடியாது என்பதால் அதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள். வீட்டுக்குள் இருக்கும் தாளைவிட, இணையத்தில் கசியும் கடவுச்சொல்லுக்குத்தான் நான் பயப்படுவேன்.

மூன்றாவது, படங்கள். கூகுள் போட்டோஸ் உங்கள் போனிலேயே இருக்கும். ஆனால் 2021 ஜூன் 1 முதல் அதில் ஏற்றும் படங்கள் எல்லாம் உங்கள் 15 ஜிபி கணக்கில்தான் சேரும். அந்த 15 ஜிபியை ஜிமெயிலும், டிரைவும், இப்போது ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப்பின் காப்புநகலும் பங்கு போட்டுக்கொள்கின்றன. இடம் நிரம்பினால் காப்புநகல் நின்றுவிடும். அறிவிப்பு வரத்தான் செய்யும், ஆனால் நாம் அதைத் தள்ளிவிட்டுப் போய்விடுவோம். ஆறு மாதமாகப் படம் ஏறவே இல்லை என்பதை ஆறு மாதம் கழித்துக் கண்டுபிடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மாதம் ஒருமுறை போட்டோஸைத் திறந்து, உங்கள் கணக்குப் படத்தைத் தட்டி, 'காப்புநகல் முடிந்தது' என்று வருகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். போட்டோஸில் ஒரு படத்தை அழித்தால் போனிலும் மேகத்திலும் (அதாவது கூகுளின் இணையச் சேமிப்பிலும்) சேர்ந்தே அழியும். காப்புநகல் எடுத்த படம் குப்பைத் தொட்டியில் 60 நாள் இருக்கும், பிறகு போய்விடும். அதனால் மேகத்தில் இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். யுஎஸ்பி-சி முனையுள்ள பென்டிரைவ் அல்லது சிறிய எஸ்எஸ்டி ஒன்று வாங்கி, சில மாதங்களுக்கு ஒருமுறை படக் கோப்புறையை அதில் நகலெடுத்துக் கழற்றி வைத்துவிடுங்கள். போனில் நேரடியாகச் செருகலாம், கணினி தேவையில்லை. இந்தப் பதிலில் நான் சொல்லும் துணைக்கருவிகளில் ஒன்றே ஒன்றுதான் வாங்குவேன் என்றால், இதை வாங்குங்கள்.

வாட்ஸ்அப் காப்புநகலைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டும் வசதியை இயக்குவது நல்லது. அந்தக் கடவுச்சொல்லும் தாளுக்குத்தான்.

போன் தொலைந்தால் தேட கூகுளின் ஃபைண்ட் ஹப் இருக்கிறது. முன்பு ஃபைண்ட் மை டிவைஸ் என்று இருந்தது, 2025-ல் பெயர் மாறியது. அதற்கென்று வேறு செயலி வேண்டாம். இன்றே *#06# என்று டயல் செய்து வரும் ஐஎம்இஐ எண்ணையும் (உங்கள் போனுக்கே உரிய அடையாள எண்) அந்தத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். புகார் கொடுக்கும்போது முதலில் கேட்கப்படுவது அதுதான், அப்போது அதைப் பார்க்கக் கையில் போன் இருக்காது.

சரி, இனி கேபிள். ஆனை வாங்கியவன் அங்குசத்துக்கு யோசித்த கதை இங்கேதான் தினமும் நடக்கிறது. விலையுயர்ந்த போனை வாங்கிவிட்டு, கைக்குக் கிடைத்த கேபிளைச் செருகி, "மெதுவாகத்தான் ஏறுகிறது" என்று போனைத் திட்டுவோம்.

யுஎஸ்பி-சி கேபிள்கள் வெளியே பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், உள்ளே வேறு வேறு. சாதாரண சி-சி கேபிள் 3 ஆம்பியர், அதாவது அதிகபட்சம் 60 வாட் தாங்கும். 5 ஆம்பியர் கேபிளின் முனைக்குள் ஒரு சிறிய சிப் இருக்கும். அது சார்ஜரிடம் "என்னால் இவ்வளவு தாங்க முடியும்" என்று சொல்லும். அப்போதுதான் சார்ஜர் கூடுதலாக விடும். அவை 100 வாட், புதியவை 240 வாட் வரை போகும். இது மின்சாரத்துக்கு. தரவு வேகம் தனிக்கதை. சார்ஜிங் கேபிள் என்று விற்கப்படும் பலவற்றில் தரவு பழைய யுஎஸ்பி 2 வேகத்தில்தான், நொடிக்கு 480 மெகாபிட், ஓடும். 50 ஜிபி வீடியோவை அதில் கணினிக்கு மாற்ற இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். 10 கிகாபிட் கேபிளில், போனின் துளையும் அந்த வேகத்துக்கு ஏற்றதாக இருந்தால், சில நிமிடத்தில் முடியும். எனவே இரண்டு கேபிள் வாங்குங்கள்: தினசரி சார்ஜுக்கு மெல்லியதாக, வளைய வசதியாக ஒன்று, தரவுக்கும் அதிக வாட்டுக்கும் தடித்த, குட்டையான ஒன்று. உறையில் வாட்டும் கிகாபிட்டும் தனித்தனியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 'அதிவேகம்' என்று மட்டும் எழுதியிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

சார்ஜரில் பார்க்க வேண்டியது அதன் முதுகில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் வரிகள். 5 வோல்ட் 3 ஆம்பியர், 9 வோல்ட் 3 ஆம்பியர் என்று படிப்படியாக இருக்கும். அதில் பிடி (PD) என்றும் பிபிஎஸ் (PPS) என்றும் வேகச் சார்ஜுக்கான பொதுமுறைகளின் பெயர் இருந்தால், பெரும்பாலான போன்களோடும் டேப்லெட்டுகளோடும் ஒத்துப்போகும். சாம்சங் போனில் முழு வேகம் வேண்டும் என்றால் பிபிஎஸ் அவசியம். ஒன்பிளஸ், ஓப்போ போன்றவை சொந்த முறையைப் பயன்படுத்துபவை. அவற்றின் உச்ச வேகம் அவற்றின் சொந்த சார்ஜரிலும் கேபிளிலும்தான் வரும், மற்றதில் ஏறும், கொஞ்சம் மெதுவாக. இரண்டு சி துளையுள்ள 45 முதல் 65 வாட் கேன் (GaN) வகைச் சார்ஜர் ஒன்று இருந்தால் போன், டேப்லெட், சிறிய மடிக்கணினிகூட ஒன்றிலேயே முடிந்துவிடும். கேன் என்பது கேலியம் நைட்ரைடு. சிலிக்கானுக்குப் பதில் அதைப் பயன்படுத்துவதால் வெப்பமாக வீணாவது குறைகிறது, அதனால்தான் அளவும் சிறிதாகிறது. இரண்டு துளையிலும் ஒரே நேரத்தில் செருகினால் வாட் பிரிந்துபோகும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

புதுக் கேபிள் வாங்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். ஒருவர் மூன்று கேபிள் மாற்றிவிட்டு, "துளையே போய்விட்டது, அசைத்து அசைத்து வைத்தால்தான் ஏறுகிறது" என்று போனைக் கொண்டுவந்தார். டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். துளையின் அடியில் சாம்பல் நிறத்தில் மெத்தை போல ஏதோ படிந்திருந்தது. போனை அணைத்துவிட்டு, மரத்தாலான பல்குச்சியின் முனையைச் சீவி மெலிதாக்கி, நடுவிலிருக்கும் நாக்கைத் தொடாமல் ஓரமாக மெல்லச் சுரண்டினேன். சட்டைப்பையின் நூல் துகளெல்லாம் அழுத்தி அழுத்திக் கம்பளியாகியிருந்தது. விரல்நக அளவுக்கு வெளியே வந்தது. அதன்பின் கேபிளைச் செருகியதும் 'டிக்' என்று உட்கார்ந்தது. ஊசி, குண்டூசி எதையும் உள்ளே விடாதீர்கள், உலோகம் பட்டால் முனைகள் போய்விடும்.

பவர்பேங்கில் 10,000 எம்ஏஎச் என்று எழுதியிருப்பதைப் பார்த்து, 5,000 எம்ஏஎச் போனை இரண்டு முறை நிரப்பலாம் என்று கணக்குப் போடுவோம். ஒன்றரை முறைதான் வரும். அந்த எண் உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்கான கணக்கு. 10,000 எம்ஏஎச் என்பது 37 வாட்-மணி. 5,000 எம்ஏஎச் போன் பேட்டரி சுமார் 19 வாட்-மணி. மின்னழுத்தத்தை மாற்றும்போது ஒரு பங்கு வெப்பமாகப் போகிறது. டேப்லெட்டை 10,000 பவர்பேங்கால் ஒருமுறை முழுதாக நிரப்புவதே கஷ்டம், அதற்கு 20,000 வேண்டும். விமானத்தில் பவர்பேங்கைக் கைப்பையில்தான் எடுத்துப் போக வேண்டும், சரக்கில் போடும் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. பொதுவான வரம்பு 100 வாட்-மணி. 20,000 எம்ஏஎச் என்றால் 74, அதனால் சிக்கல் இல்லை. வாட்-மணி எண் மேலே அச்சிடப்படாத பவர்பேங்கை வாங்கவே வேண்டாம். வயிறு உப்பத் தொடங்கிய பவர்பேங்கை ஒருநாளும் சார்ஜில் போடாதீர்கள்.

போன் பேட்டரிக்கு எதிரி வெப்பம். 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி உங்கள் போனின் பேட்டரி அமைப்பில் இருந்தால் இயக்கிவிடுங்கள். இரவெல்லாம் தலையணைக்கு அடியில் சார்ஜ் போடும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

கவர், கண்ணாடி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கவரின் விளிம்பு திரையைவிடவும் கேமராவைவிடவும் சற்று உயர்ந்திருக்க வேண்டும், மூலைகள் தடிப்பாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். திரைக் கண்ணாடியில் '9 ஹெச்' என்று போட்டிருப்பது பென்சிலால் கீறிப் பார்க்கும் அளவுகோல்; வைரத்துக்கு அடுத்த கடினம் என்று நினைத்துவிட வேண்டாம். மணல் துகள் கண்ணாடியைக் கீறும். கீறல் கண்ணாடிக்குப் போகட்டும், திரைக்குப் போக வேண்டாம் என்பதற்குத்தான் அது. திரைக்குள் மீயொலி விரல்ரேகை உணரி உள்ள போன் என்றால், அந்த மாடலுக்கென்றே செய்த கண்ணாடியாகப் பாருங்கள். தடித்த கண்ணாடியில் சில நேரம் ரேகை படிக்காது.

அப்பாவின் டேப்லெட்டுக்கு வருவோம். பெரியவர்களுக்கென்று வரும் தனிச் செயலிகளைத் தேட வேண்டாம். வேண்டிய பெரும்பாலானவை அமைப்புகளிலேயே, 'அணுகல்தன்மை' என்ற பகுதியில் இருக்கின்றன; நாம்தான் அங்கே போவதே இல்லை. எழுத்தின் அளவோடு திரைக்காட்சி அளவையும் சேர்த்துக் கூட்டுங்கள். எழுத்தை மட்டும் கூட்டினால் பொத்தான்கள் சிறியதாகவே இருக்கும், பெரியவர்களின் விரலுக்கு அதுதான் தகராறு. 'தேர்ந்தெடுத்ததைப் படி' (செலக்ட் டு ஸ்பீக்) என்ற வசதியை இயக்கி, அதன் பொத்தானைத் தட்டிவிட்டு, திரையிலுள்ள தமிழ்ப் பத்தியைத் தொட்டால் அது வாய்விட்டுப் படிக்கும். என் அப்பாவுக்கு இதைக் காட்டிய அன்று, செய்தி முழுவதையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நாற்பது நிமிடம் டேப்லெட்டைக் கீழே வைக்கவில்லை.

காது மந்தமாக இருந்தால் கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் செயலியைப் போடுங்கள். எதிரே பேசுவது எழுத்தாகத் திரையில் ஓடும், தமிழிலும் ஓடும். சத்தமான இடத்தில் பிழை வரும். அமைதியான அறையில், ஒருவர் மட்டும் பேசும்போது நன்றாகவே வருகிறது. காதருகே கத்த வேண்டிய நிலை மாறுவதே பெரிய நிம்மதி, பேசுபவருக்கும் கேட்பவருக்கும்.

தட்டச்சுக்கு, கூகுளின் விசைப்பலகையான ஜிபோர்டில் தமிழைச் சேர்த்து, மைக் பொத்தானைக் காட்டிக் கொடுங்கள். சொன்னதை எழுதும். நீங்களோ மகளோ தமிழில் நிறைய எழுதுவதாக இருந்தால், 1999-ல் ஏற்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகையை ஒரு வாரம் பொறுமையாகப் பழகுங்கள். உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம். இரண்டு கையும் மாறி மாறி ஓடும். முத்து நெடுமாறனின் செல்லினம் செயலியில் அது இருக்கிறது. ஐபோனிலும் ஐபேடிலும் தமிழ்99, அஞ்சல் என்ற இரண்டு விசைப்பலகைகளும் உள்ளேயே வருகின்றன. டேப்லெட்டுக்கு ஒரு புளூடூத் விசைப்பலகை வாங்கினால் அது பாதி மடிக்கணினி. ஆனால் வாங்கும் முன் ஒரு மாதம் திரையிலேயே எழுதிப் பாருங்கள். விசைப்பலகை வாங்கியவர்களில் பாதிப் பேர் அதை அலமாரியில்தான் வைத்திருக்கிறார்கள்.

அப்பாவுக்கு எதைப் போடக் கூடாது என்பது இன்னும் முக்கியம். வங்கியிலிருந்து பேசுகிறேன், பார்சல் நிறுவனத்திலிருந்து பேசுகிறேன் என்று யாராவது அழைத்து, "இந்தச் செயலியைப் போடுங்கள், நான் சரிசெய்து தருகிறேன்" என்றால், அது பெரும்பாலும் திரையைப் பகிரும் செயலியாகத்தான் இருக்கும். செயலி நல்லதே, கேட்பவன் திருடன். அது இயங்கும்போது திரையில் வரும் ஓடிபி முதற்கொண்டு எல்லாமே அந்தப் பக்கம் தெரியும். வாட்ஸ்அப்பில் அழைப்பிதழ், அபராத ரசீது என்ற பெயரில் வரும் ஏபிகே கோப்பும் (தட்டினால் செயலியை நிறுவும் கோப்பு) அதே ரகம். டேப்லெட்டின் அமைப்புகளில் 'தெரியாத செயலிகளை நிறுவு' என்ற பகுதிக்குப் போய், வாட்ஸ்அப்புக்கும் பிரவுசருக்கும் அந்த அனுமதி அணைந்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பிறகு அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "போனில் சொல்லி யார் செயலி போடச் சொன்னாலும் முதலில் எனக்கு அழையுங்கள், நான் எந்த வேலையில் இருந்தாலும் எடுப்பேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி எடுக்கவும் வேண்டும்.

டேப்லெட்டில் அப்பாவுக்கும் மகளுக்கும் தனித்தனிப் பயனர் கணக்கு வைக்க முடிந்தால் வையுங்கள். பல ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளில் முடியும். மகளின் பக்கம், டேப்லெட் அனுமதித்தால், பயன்படுத்தும் நேரத்தைப் பெற்றோர் வரையறுக்க உதவும் கூகுளின் ஃபேமிலி லிங்க் போடலாம். ஆனால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு அதை ஒளித்து வைத்துப் போடாதீர்கள். சேர்ந்து உட்கார்ந்து நேரத்தைப் பேசி முடிவு செய்தால் அது நிற்கும்.

மகளுக்கு நான் ஆசையோடு சொல்லும் செயலி ஃபைஃபாக்ஸ். ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தில் உருவாக்கியது, இலவசம். போனுக்குள் இருக்கும் முடுக்கமானி, காந்தமானி, மைக், ஒளி உணரி எல்லாவற்றையும் ஆய்வகக் கருவியாக்கிவிடும். ஒரு சோதனை சொல்கிறேன். அதில் ஒலி நிறுத்துகடிகாரம் இருக்கிறது. சத்தம் கேட்டால் ஓடத் தொடங்கும், அடுத்த சத்தத்தில் நிற்கும். உங்கள் போனையும் டேப்லெட்டையும் 5 மீட்டர் இடைவெளியில் வையுங்கள். போன் பக்கத்தில் நின்று நீங்கள் ஒருமுறை கை தட்டுங்கள், இரண்டிலும் கடிகாரம் ஓடும். சில நொடி கழித்து டேப்லெட் பக்கத்தில் மகள் ஒருமுறை தட்டட்டும், இரண்டும் நிற்கும். இரண்டு கடிகாரமும் காட்டும் நேரத்தில் சிறு வித்தியாசம் இருக்கும்: 0.029 நொடிக்கு அருகில். உங்கள் கைத்தட்டல் டேப்லெட்டுக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது, அவளுடையது போனுக்குத் தாமதமாக வந்தது. இரண்டும் சேர்ந்து ஒலி 10 மீட்டர் கடந்த நேரம். 10-ஐ 0.029-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். நொடிக்கு 345 மீட்டர் என்று வரும். புத்தகத்தில் மனப்பாடம் செய்த எண்ணைத் தன் கையால் தட்டி எடுத்த பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

மனப்பாடம் என்றதும் ஆங்கிட்ராய்டு. கேள்வி ஒரு பக்கம், விடை மறுபக்கம் என்று அட்டைகள் செய்துகொண்டால், மறக்கும் தறுவாயில் பார்த்து மீண்டும் காட்டும். தோற்றம் பழசு, பலன் நிச்சயம். அட்டைகளை அவளே எழுத வேண்டும். யாரோ செய்ததை இறக்கிப் படித்தால் பாதிப் பலன்தான். கணக்குக்கு ஜியோஜீப்ரா.

பேனா விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். எந்தத் திரையிலும் வேலை செய்யும் என்று சொல்லி விற்கும் ரப்பர் முனைப் பேனா, விரலுக்குப் பதில் நீட்டிக்கொண்டிருக்கும் இன்னொரு விரல், அவ்வளவுதான். உள்ளங்கையைத் திரையில் ஊன்றினால் அதுவும் கோடு போடும். எழுதிப் படிக்கவும் வரையவும் வேண்டும் என்றால், அந்த டேப்லெட்டுக்கென்றே உள்ள பேனாவை வாங்க வேண்டும். சாம்சங்கின் எஸ் பென் வரைவதற்குப் பேட்டரியே கேட்காது, திரையிலிருந்தே சக்தி எடுத்துக்கொள்ளும். ஐபேட் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: ஆப்பிள் பென்சிலில் நான்கு வகை உண்டு, எல்லாம் எல்லா ஐபேடுக்கும் பொருந்தாது, யுஎஸ்பி-சி வகையில் அழுத்தத்துக்கு ஏற்பக் கோடு தடிக்கும் வசதி கிடையாது. ஓவியம் பழகுபவருக்கு அது பெரிய குறை, குறிப்பெடுப்பவருக்கு ஒன்றுமே இல்லை. உங்கள் டேப்லெட் எந்த மாடல் என்று நீங்கள் எழுதவில்லை. அதன் நிறுவனப் பக்கத்தில் எந்தப் பேனா பொருந்தும் என்ற வரியைப் பார்த்த பிறகே வாங்குங்கள். பேனாவைவிட முதலில் வாங்க வேண்டியது சாய்த்து நிறுத்தும் வசதியுள்ள கவர். டேப்லெட்டைக் கையிலேயே பிடித்துப் படித்தால் கழுத்து வலிதான் மிச்சம்.

மற்ற செயலிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆவணங்களை ஸ்கேன் செய்ய கூகுள் டிரைவிலேயே கேமரா பொத்தான் இருக்கிறது, ஐபோனில் நோட்ஸுக்குள் இருக்கிறது. தனிச் செயலி வேண்டாம். ஆண்ட்ராய்டில் மிகப் பிரபலமாக இருந்த ஒரு ஸ்கேனர் செயலிக்குள் 2019-ல் விளம்பரப் பகுதி வழியாகத் தீம்பொருள் நுழைந்த கதை உண்டு. கருவிகளுக்கிடையே கோப்பு மாற்ற குவிக் ஷேர். ஆண்ட்ராய்டு, ஐபோன், கணினி என்று கலந்த வீடு என்றால் லோக்கல்சென்ட். எல்லாம் ஒரே வைஃபையில் இருந்தால் போதும், இணையம்கூட வேண்டாம். வீடியோவுக்கு விஎல்சி, பாட்காஸ்ட்டுக்கு ஆன்டெனாபாட். பயணத்துக்கு ஆர்கானிக் மேப்ஸில் போகும் இடத்தின் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிக்கொள்ளுங்கள், சிக்னல் இல்லாத மலைப்பாதையிலும் வழி காட்டும்.

குறிப்பு எழுதும் செயலி எதுவாக இருந்தாலும், எழுதியதை மொத்தமாக வெளியே எடுக்க முடியுமா என்று முதல் நாளே பாருங்கள். கட்டுரைகளைப் பிறகு படிக்கச் சேமித்து வைக்கும் பாக்கெட் செயலி 2025 ஜூலையில் மூடப்பட்டது. வருடக்கணக்கில் சேர்த்ததை, ஏற்றுமதி செய்யும் வசதி இருந்ததால்தான் பலர் காப்பாற்றிக்கொண்டார்கள்.

போனைச் சுத்தம் செய்கிறேன், வேகமாக்குகிறேன், பேட்டரியைக் குளிர்விக்கிறேன் என்று வரும் எதையும் போடாதீர்கள். நினைவகத்தைப் பார்த்துக்கொள்வது ஆண்ட்ராய்டின் வேலை. இவை மூடும் செயலி திரும்பத் திறக்கும்போது பேட்டரி கூடுதலாகத்தான் செலவாகும். தனி டார்ச் செயலியும் வேண்டாம். அமெரிக்காவில் ஒரு டார்ச் செயலி, பயனர்கள் இருக்கும் இடத்தை விளம்பர நிறுவனங்களுக்கு அனுப்பியதாக 2013-ல் அரசு ஆணையமே நடவடிக்கை எடுத்தது. வெளிச்சம் தருவதற்கு நான் எங்கே இருக்கிறேன் என்று எதற்குத் தெரிய வேண்டும்? எந்தச் செயலி எந்த அனுமதி கேட்டாலும் இதே கேள்வியைக் கேளுங்கள். ஆண்ட்ராய்டு 12 முதல் தனியுரிமைப் பகுதியில், கடந்த 24 மணி நேரத்தில் மைக்கையும் கேமராவையும் யார் யார் தொட்டார்கள் என்று பார்க்க முடியும். வாரம் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

அப்புறம், உங்கள் பழைய போன். அது இன்னும் இயங்குகிறது என்றால், பேட்டரி உப்பவில்லை என்றால், அவசரப்பட்டு விற்காதீர்கள். அதை முழுதாக அழித்து, திரைப்பூட்டு போட்டு, உங்கள் ஆறு இலக்கக் குறியீட்டுச் செயலியை மட்டும் அதில் நிறுவுங்கள். ஏஜிஸ் என்றால் அந்தக் கோப்பை உள்ளே ஏற்றுங்கள், என்டெ ஆத் என்றால் கணக்கில் நுழையுங்கள். புதுப் போனும் பழைய போனும் ஒரே நேரத்தில் ஒரே ஆறு எண்களைக் காட்டுகின்றனவா என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காட்டினால், பாதி சார்ஜோடு அணைத்து, அந்தத் தாள் இருக்கும் இடத்திலேயே வைத்துவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாதி வரை சார்ஜ் ஏற்றினால் போதும்.